ரத்தியில் போன இன்ஷூரன்ஸ் காகிதம்

வாகனக் காப்பீடு பற்றி மும்பை வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு, கிளெய்முக்காக வண்டியின் சேதத்தை மதிப்பிடும் மோட்டார் சர்வேயராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் பதில் சொல்கிறார்.

பொங்கலுக்கு வீடு ஒழித்தபோது, பழைய பேப்பர் கட்டோடு காரின் இன்ஷூரன்ஸ் ஃபைலும், பழைய பேப்பரை எடைக்கு வாங்கும் ரத்திவாலாவிடம் போய்விட்டது. 2023 கடைசியில் புதிதாக வாங்கிய வண்டி. முதல் வருஷம் ஷோரூமிலேயே இன்ஷூரன்ஸ் போட்டார்கள். அப்புறம் என் கணவருக்குத் தெரிந்த ஒரு ஏஜென்ட் பார்த்துக்கொண்டார். அவர் ஊரோடு போய்விட்டார், போனும் எடுப்பதில்லை. எந்தக் கம்பெனி என்றே எங்களுக்கு நினைவில்லை. போலீஸில் புகார் கொடுக்க வேண்டுமா? அதுவரை வண்டியை வெளியே எடுக்கலாமா?
- ஒரு வாசகி, மாட்டுங்கா

பாலிசி நடப்பில் இருந்தால் தாராளமாக எடுக்கலாம் அம்மா. பாஸ்புக் தொலைந்தால் பேங்கில் போட்ட பணமா தொலைகிறது? காப்பீடும் கம்பெனியின் கணக்கில்தான் இருக்கிறது. உங்களிடம் இருந்தது அதன் அச்சடித்த நகல்.

ஆனால் 'நடப்பில் இருந்தால்' என்று சொன்னேனே, அதை இன்றைக்கே பார்த்துவிடுங்கள். ஃபைல் ரத்தியில் போனது எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஏஜென்ட் போன் எடுக்காததுதான் உறுத்துகிறது.

கம்பெனியைக் கண்டுபிடிப்பது சுலபம். மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் எம்-பரிவாஹன் செயலியிலோ, பரிவாஹன் இணையதளத்தில் வாகன விவரம் பார்க்கும் பக்கத்திலோ வண்டி நம்பரைப் போட்டால், காப்பீடு எதுவரை செல்லும் என்ற தேதி வரும். கம்பெனியின் பெயரும் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் கணவரின் பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து, சென்ற முறை புதுப்பித்த மாதத்தில் பாருங்கள். பிரீமியம் செக்கிலோ யூபிஐயிலோ போயிருந்தால் கம்பெனியின் பெயர் அங்கே நிற்கும். பணம் கம்பெனிக்குப் போகாமல் ஏஜென்ட்டின் சொந்தக் கணக்குக்குப் போயிருந்தால், கொஞ்சம் உஷாராக இருங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

கம்பெனி தெரிந்ததும் அவர்களுடைய இணையதளத்திலோ வாட்ஸ்அப் எண்ணிலோ பாலிசி நகல் கேட்கலாம். உங்கள் மொபைலுக்கு ஓடிபி வரும், போட்டால் பிடிஎஃப் கைக்கு வரும். உங்கள் விஷயத்தில் இங்கேதான் இடிக்கும் என்று நினைக்கிறேன். பல ஏஜென்ட்டுகள் பாலிசி போடும்போது வாடிக்கையாளரின் நம்பருக்குப் பதிலாகத் தங்கள் நம்பரையும் தங்கள் இமெயிலையும் கொடுத்துவிடுகிறார்கள். அடுத்த வருஷம் புதுப்பிக்கச் சொல்லும் செய்தி தங்களுக்கு மட்டும் வர வேண்டும், வேறு யாரும் கொத்திக்கொண்டு போய்விடக் கூடாது என்ற கணக்கு. அப்படி இருந்தால் ஓடிபி, ஊருக்குப் போன அந்த மனிதரின் போனில் போய் விழும்.

அதற்குக் கிளை அலுவலகத்துக்கு நேரில் போவதுதான் வழி. ஒரு வெள்ளைத்தாளில் கடிதம் எழுதிக்கொள்ளுங்கள்: பாலிசி யார் பெயரில், வண்டி நம்பர், இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர், பாலிசி ஆவணம் தொலைந்துவிட்டது, நகல் வேண்டும், பதிவில் உள்ள மொபைல் நம்பரையும் இமெயிலையும் இப்படி மாற்ற வேண்டும். பாலிசி நம்பர் தெரியாவிட்டாலும் சேசிஸ் நம்பரை வைத்துத் தேடி எடுத்துவிடுவார்கள். வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யின் நகல், பாலிசி யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய அடையாள அட்டை நகல் இரண்டையும் இணையுங்கள். உங்கள் கணவர் பெயரில் இருந்தால் கையெழுத்து அவருடையதாக இருக்க வேண்டும். கடிதத்தின் இன்னொரு பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.

போலீஸ் புகார் பாலிசிக் காகிதத்துக்குப் பொதுவாகத் தேவைப்படாது. அந்த ஃபைலில் ஆர்.சி.யும் சேர்ந்து போயிருந்தால் கதை வேறு. டூப்ளிகேட் ஆர்.சி.க்கு ஃபார்ம் 26 எழுதி ஆர்.டி.ஓ.வில் விண்ணப்பிக்க வேண்டும், தொலைந்ததற்கான போலீஸ் பதிவும் கேட்பார்கள். மும்பை போலீஸின் இணையதளத்திலேயே அந்தப் பதிவைச் செய்துகொள்ளலாம், ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வேண்டியதில்லை. வண்டி லோனில் இருந்தால் பேங்கின் சம்மதமும் வேண்டும். ஃபைலில் ஆதார், பான் நகல்கள் இருந்தனவா என்றும் யோசித்துப் பாருங்கள். ரத்திக்கடையில் அவை யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

நகல் வந்ததும் அதை போனில் போட்டு மூடிவிடாதீர்கள். உட்கார்ந்து படியுங்கள். முதலில் தேதிகள். தேதி ஒன்றல்ல, இரண்டு. 2018 செப்டம்பருக்குப் பிறகு விற்ற புதுக் கார்களுக்கு தேர்டு பார்ட்டி காப்பீடு 3 வருஷத்துக்குச் சேர்த்து எடுத்தாக வேண்டும் என்பது உச்ச நீதிமன்ற உத்தரவால் வந்த விதி. உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் சாவு, காயம், சேதத்துக்கு அது. உங்கள் வண்டிக்கே அடிபட்டால் பணம் தரும் ஓன் டேமேஜ் பகுதி வழக்கமாக ஒரு வருஷத்துக்குத்தான். உங்கள் காருக்கு தேர்டு பார்ட்டி 2026 கடைசி வரை இருக்கும். பரிவாஹனில் தெரிவது அந்தத் தேதியாகவே இருக்கலாம். அதைப் பார்த்துவிட்டு 'எல்லாம் இருக்கிறது' என்று நிம்மதியாக இருந்தவர்கள், கேரேஜில் நசுங்கிய பானெட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஓன் டேமேஜ் எப்போதோ முடிந்துபோன சேதியை என் வாயால் கேட்டிருக்கிறார்கள். சர்வேயர் வேலையில் எனக்குப் பிடிக்காத நிமிஷம் அது.

அடுத்து சேசிஸ் நம்பர். ஆர்.சி.யைப் பக்கத்தில் வைத்து, ஓர் எழுத்து விடாமல் விரல் வைத்து ஒப்பிடுங்கள். 8 இருக்க வேண்டிய இடத்தில் பி இருக்கும். இப்போதே கண்டுபிடித்தால் எண்டார்ஸ்மென்ட் என்று கம்பெனி தரும் ஒரு திருத்தக் குறிப்பில் சரியாகிவிடும். விபத்துக்குப் பிறகு கண்டுபிடித்தால் அந்த ஓர் எழுத்துக்காகக் கோப்பு மேஜை மேஜையாக நகரும். கிளெய்ம் வாங்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் எவ்வளவு என்று பாருங்கள். கிளெய்ம் இல்லாத முதல் வருஷத்துக்கு 20 சதவீதம், அப்புறம் 25, 35, 45, 50 என்று ஏறும். நடுவில் கிளெய்ம் வாங்கியிருந்தும் ஏஜென்ட் அதை மறைத்து போனஸ் போட்டுக் கொடுத்திருந்தால், இன்று பிரீமியம் குறைவாகத் தெரியும், நாளைக்கு உங்கள் கிளெய்மில் வெட்டு விழும்.

இப்போது அந்த உஷார் விஷயம். குர்லாவில் ஒரு கேரேஜுக்கு சர்வே பார்க்கப் போயிருந்தேன். பளபளவென்று கலர் பிரிண்ட் பாலிசியைக் காட்டினார் கார்க்காரர். கம்பெனியில் அந்த நம்பரைத் தட்டினால் நாசிக்கில் யாரோ ஒருவருடைய ஸ்கூட்டர் வந்தது. கார்க்காரரிடம் பணம் வாங்கியவர் உண்மையான ஒரு பாலிசியை எடுத்து, பெயரையும் வண்டி நம்பரையும் மாற்றி அச்சடித்திருந்தார். காகிதம் தொலையாமல் இருந்ததால் அந்த மனிதருக்குச் சந்தேகமே வரவில்லை. உங்களுக்குக் காகிதம் தொலைந்ததில் ஒரு நல்லது, கம்பெனியிடமிருந்தே நகல் வாங்குவதால் பாலிசி அசலா என்பதும் தெரிந்துவிடும்.

வாஷி பாலத்துக்கு முன்னால் நாகாபந்தியில், போலீஸ் வண்டிச் சோதனையில், நிறுத்தினார்கள். இன்ஷூரன்ஸ் ஒரிஜினல் என்னிடம் இல்லை. போனில் எடுத்து வைத்திருந்த போட்டோவைக் காட்டினேன், செல்லாது என்றார் ஹவல்தார். போனில் காட்டலாம் என்று சட்டமே வந்துவிட்டதாகச் சொல்கிறார்களே?
- ஒரு வாசகர், டோம்பிவிலி

சட்டமும் சரி, ஹவல்தாரும் சரி. மத்திய மோட்டார் வாகன விதி 139-ஐ 2018-ல் திருத்தினார்கள். ஆர்.சி., லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் காகிதமாகவும் காட்டலாம், மின்னணு வடிவிலும் காட்டலாம். ஆனால் மின்னணு வடிவம் என்றால் அரசின் டிஜிலாக்கர், எம்-பரிவாஹன் போன்ற இடத்தில் இருப்பது. கேலரியில் கல்யாண போட்டோவுக்கும் குழந்தை போட்டோவுக்கும் நடுவில் இருக்கும் படத்தை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் திருத்தலாம் தம்பி. எம்-பரிவாஹனில் உங்கள் ஆர்.சி.யைச் சேர்த்து வைத்தால் காப்பீட்டுத் தேதியும் அதிலேயே தெரியும்.

காப்பீடே இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய், அடுத்த தடவை 4,000. 3 மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. உங்களுக்குக் காப்பீடு இருந்தும் அந்தப் பிரிவில் இ-சலான் விழுந்திருந்தால், கட்டிவிடாமல் பாலிசி நகலை இணைத்து ஆட்சேபம் பதிவு செய்யுங்கள். புதுப்பித்த பிறகும் பரிவாஹனில் பழைய தேதியே இருக்கிறதா? கம்பெனி விவரத்தை ஏற்றவில்லை என்று அர்த்தம். அதை ஆர்.டி.ஓ.வில் போய்க் கேட்டுப் பயனில்லை, கம்பெனிக்கு எழுதுங்கள்.

ஆகஸ்ட் மழையில் ஹிந்த்மாதாவில் கார் தண்ணீரில் மாட்டி நின்றுவிட்டது. இன்ஷூரன்ஸ், பி.யூ.சி. என்ற புகைப் பரிசோதனைச் சான்று எல்லாம் டேஷ்போர்டு டப்பாவில் இருந்தன, கூழாகிவிட்டன. காகிதமே இல்லாமல் கிளெய்ம் கொடுத்தோம், கொடுத்த பணத்தில் இன்ஜின் செலவு இல்லை. பாலிசி ஒரிஜினல் இல்லாததுதான் காரணமா?
- ஒரு வாசகர், தாதர்

இல்லவே இல்லை. கிளெய்முக்குப் பாலிசி நம்பர் போதும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதே, அதற்குப் பிறகு நாங்கள் பார்த்த வண்டிகள் பலவற்றில் டப்பாவைத் திறந்தால் சாம்பல் நிறக் கூழ்தான் இருந்தது. அவர்களுக்கும் கிளெய்ம் கிடைத்தது.

நீரில் நின்ற வண்டியில் சர்வேயர் என்ன பார்ப்பார் தெரியுமா? சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுப்பார். சீட்டைக் கழுவிவிடலாம், கார்ப்பெட்டை மாற்றிவிடலாம், பெல்ட்டின் சுருளுக்குள் சேற்றுக்கோடு அப்படியே நிற்கும். தண்ணீர் எந்த உயரம் வரை வந்தது என்று அது சொல்லிவிடும். அப்புறம் ஏர் ஃபில்டரைக் கழற்றுவார். அது நனைந்திருந்து, இன்ஜினுக்குள் கனெக்டிங் ராடும் வளைந்திருந்தால், தண்ணீரில் நின்ற வண்டியை யாரோ ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள் என்ற முடிவுக்கு வருவார். சிலிண்டருக்குள் போன தண்ணீரை அமுக்க முடியாது, பிஸ்டன் மோதி ராட் வளையும். வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதம் இல்லை, ஸ்டார்ட் செய்ததால் வந்தது என்று சாதாரண பாலிசியில் அந்தச் செலவைத் தர மறுத்துவிடுவார்கள். இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பீடு எடுத்திருந்தால் பணம் வந்திருக்கும். நகல் பாலிசியில் ஆட்-ஆன் பட்டியலைப் பாருங்கள். அதில் இருந்தும் கொடுக்கவில்லை என்றால் சண்டை போடலாம், இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

பி.யூ.சி.யை வாகன் பி.யூ.சி. தளத்தில் வண்டி நம்பரும் சேசிஸ் நம்பரின் கடைசி எண்களும் கொடுத்துத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

செம்பூரில் தெரிந்தவரிடம் பழைய கார் வாங்கினேன். 'இன்ஷூரன்ஸ் பேப்பர் எங்கேயோ வைத்துவிட்டேன், கிடைத்ததும் அனுப்புகிறேன், இன்னும் ஏழு மாசம் இருக்கு' என்றார். கம்பெனியில் கேட்டால் எனக்கு நகல் தர மறுக்கிறார்கள். வண்டி இப்போது என்னுடையதுதானே?
- ஒரு வாசகர், முலுண்ட்

வண்டி உங்களுடையது, பாலிசி அவருடையது. பெயர் மாறாதவரை நகல் கேட்கும் உரிமை அவருக்குத்தான், கம்பெனி செய்தது சரி.

நகலை விடுங்கள், இதில் அவசரமான விஷயம் வேறு. வண்டி கைமாறினால் 14 நாளுக்குள் வாங்கியவர் கம்பெனிக்கு எழுதிப் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 157 சொல்வது அது. தேர்டு பார்ட்டி பகுதி வண்டியோடு தானாக உங்களிடம் வந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். வழியில் போகிறவர் அநியாயமாக நஷ்டப்படக் கூடாது அல்லவா. ஓன் டேமேஜ் அப்படி வராது என்று தொண்ணூறுகளிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இன்றைக்கு நீங்கள் எங்கேயாவது இடித்தால், ஏழு மாசம் மிச்சம் இருக்கிற பாலிசியிலிருந்து உங்கள் வண்டிக்கு ஒரு ரூபாய் வராது.

இன்னொன்று, 'பேப்பர் எங்கேயோ இருக்கு' என்பவரிடம் போனஸ் எவ்வளவு என்று கேட்டீர்களா? நோ கிளெய்ம் போனஸ் ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு இல்லை. 50 சதவீதம் வைத்திருந்தால் அதை அவர் தன் புது வண்டிக்கு எடுத்துக்கொண்டு போவார், 3 வருஷம் வரை அவருக்கு அதற்கு அவகாசம் உண்டு. பாலிசி உங்கள் பெயருக்கு மாறும்போது அந்தத் தள்ளுபடித் தொகையை மிச்ச மாதங்களுக்குக் கணக்கிட்டு உங்களிடம் வசூலிப்பார்கள். திடீரென்று கேட்கிறார்களே என்று கோபப்படாதீர்கள்.

இன்று சாயங்காலமே அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு உட்காருங்கள். அவர் போனில் ஓடிபி வாங்கினால் நகல் ஐந்து நிமிஷ வேலை. ஃபார்ம் 29, 30 கையெழுத்தாகி ஆர்.டி.ஓ.வில் பெயர் மாற்றத்துக்குக் கொடுத்த ரசீதோடு கம்பெனிக்கு விண்ணப்பம் போகட்டும். தெரிந்தவர் என்பதால் கேட்கக் கூச்சமாக இருக்கிறதா? அவருக்கும் இதில் பயம் இருக்க வேண்டும். ஆர்.சி.யில் அவர் பெயர் இருக்கும்வரை, நீங்கள் செய்யும் விபத்துக்குக் கோர்ட் நோட்டீஸ் செம்பூருக்கும் போகும். அதைச் சொல்லுங்கள், பேப்பர் உடனே கிடைத்துவிடும்.

அப்பா போன மாதம் தவறிவிட்டார். காரும் பாலிசியும் அவர் பெயரில். பாலிசிக் காகிதம் எங்கே வைத்தார் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை.
- ஒரு வாசகி, அன்டாப் ஹில்

காகிதத்தைத் தேடி அம்மாவை அலைக்கழிக்க வேண்டாம் அம்மா. மேலே சொன்ன வழியில் கம்பெனியைக் கண்டுபிடித்து, இறப்புச் சான்றிதழோடும் வாரிசு ஆவணத்தோடும் எழுதுங்கள். பாலிசிதாரர் இறந்தால் அந்த நாளிலிருந்து 3 மாதம், அல்லது பாலிசி முடியும் தேதி, இதில் எது முந்தியோ அதுவரை காப்பீடு நீடிக்கும். அதற்குள் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். ஆர்.சி.யில் பெயர் மாற்ற ஆர்.டி.ஓ.வுக்கு ஃபார்ம் 31. ஒரு மாதம் ஏற்கெனவே போய்விட்டது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீடு இருக்கும். அப்பாவின் மரணம் அந்தக் காரில் நடந்த விபத்தால் என்றால் அதையும் கேளுங்கள். அப்படி இல்லையென்றால் அது பொருந்தாது.

டூப்ளிகேட் பாலிசி எடுத்துத் தர ஒருவர் 1,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
- ஒரு வாசகர், தாராவி

அந்தக் காசில் குடும்பத்தோடு மாட்டுங்காவில் டிபன் சாப்பிடுங்கள். இமெயிலில் வரும் பிடிஎஃப்புக்குத் தரகு கிடையாது. கம்பெனியே இழுத்தடித்தால் முதலில் அவர்களுடைய குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள், அப்புறம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா புகார் தளம், 155255 என்ற எண். கிளெய்ம் தகராறு என்றால் சாந்தாக்ரூஸ் மேற்கில் எஸ்.வி. ரோட்டில் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். கம்பெனிக்கு எழுதி ஒரு மாதம் பதில் இல்லையென்றாலோ, வந்த பதில் திருப்தி இல்லையென்றாலோ போகலாம். ஓராண்டுக்குள் போக வேண்டும்.

பழைய வருஷத்துப் பாலிசிகளை ரத்தியில் போடலாமா?
- ஒரு வாசகர், சயான்

சென்ற வருஷத்ததை வைத்துக்கொள்ளுங்கள், போனஸ் பற்றிப் பேச்சு வந்தால் காட்ட உதவும். உங்கள் வண்டி சம்பந்தப்பட்ட விபத்து ஏதாவது நடந்திருந்தால், அந்தத் தேதியில் நடப்பில் இருந்த பாலிசியை வழக்கு முடியும்வரை தொடாதீர்கள். விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் டிரிப்யூனலில் கேட்பது அந்தப் பாலிசியைத்தான், இப்போது ஓடுவதை அல்ல. மற்றவற்றை ஸ்கேன் செய்து இமெயிலில் உங்களுக்கே அனுப்பி வைத்துவிட்டு, காகிதத்தைக் கிழித்துப் போடுங்கள். முழுசாகக் கொடுக்காதீர்கள், நாசிக் ஸ்கூட்டர் கதையை மேலே படித்தீர்கள் அல்லவா.